ஞானஸ்நானத் தண்ணீரும் சாதிச் சான்றிதழும்

"நீங்க ஏன் மதம் மாறினீங்க?" இந்தக் கேள்வியைச் சந்திக்காத தலித் கிறிஸ்தவர் இருக்க மாட்டார். டீக்கடையில் கேட்பார்கள், கல்லூரி விடுதியில் கேட்பார்கள், தாசில்தார் ஆபீசிலும் கேட்பார்கள். கேட்கிறவர் பெரும்பாலும் பதிலையும் கையில் வைத்துக்கொண்டேதான் கேட்பார்: சோத்துக்கு, படிப்புக்கு, காசுக்கு.

உத்திரமேரூர் பக்கத்துக் காலனிகளில் வேலை செய்யும்போது மாணவர்கள் என்னிடம் கேட்பவை வேறு கேள்விகள். வயது வந்த ஒருவர் கத்தோலிக்கராகச் சேர வேண்டுமென்றால் என்ன நடைமுறை? சேர்ந்தால் சர்டிபிகேட் போய்விடுமா? உள்ளே போனால் சாதி போய்விடுமா? இந்த மூன்றுக்கும் பதில் நம் வரலாற்றில் இருக்கிறது. கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

தேர்ந்தெடுக்கும் உரிமை யாருக்கு இருந்தது?

உத்திரமேரூர் என்றதும் எல்லோரும் குடவோலை முறையைச் சொல்வார்கள். வைகுண்டப் பெருமாள் கோயிலில் இருக்கும் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரும் இதைத்தான் பெருமையாகச் சொன்னார். ஆனால் குடத்தில் பெயர் போட என்ன தகுதி வேண்டும் என்பதும் அதே கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. வரி கட்டும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதம் தெரிந்திருக்க வேண்டும். இது பிராமணர்களுக்கு விடப்பட்ட சதுர்வேதிமங்கலத்தின் சபை. வயலில் இறங்கி உழைத்தவர்களுக்கு அந்தக் குடத்தில் ஓலை கிடையாது.

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு கழித்து இதே செங்கல்பட்டு மாவட்டத்தின் நிலையை அன்றைய கலெக்டர் டிரெமென்ஹீர் 1891-இல் அறிக்கையாக எழுதினார். பறையர்களுக்கு நிலம் இல்லை என்பதோடு அது நிற்கவில்லை. குடிசை போட்டிருக்கும் மனைகூட அவர்களுடையது அல்ல, மிராசுதாருடையது. பண்ணையாளாகக் கடனில் கட்டுண்டு கிடந்தார்கள். புறம்போக்குத் தரிசுக்கு மனுப் போட்டால் மிராசுதாருக்கே முன்னுரிமை. இந்த அறிக்கையைத் தொடர்ந்து 1892-இல் வந்த அரசாணையைத்தான் இன்று பஞ்சமி நிலத்தின் தொடக்கமாகச் சொல்கிறோம்.

அந்த அறிக்கைக்குப் பின்னால் மிஷனரிகளின் மனுக்கள் இருந்தன. செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ, திருவள்ளூர் பக்கம் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கௌடி ஆகியோர் எழுதினார்கள். இருவருமே புராட்டஸ்டண்டுகள். ஆனால் அவர்களை அதில் இறக்கிவிட்டது சேரி. மிஷனரி வந்து நம்மைத் தேடிப் பிடித்தார் என்றுதான் பொதுவாகக் கதை சொல்லப்படுகிறது. பெரும்பாலும் நடந்தது தலைகீழ். சேரியின் பெரியவர்கள் கூடிப் பேசி, மிஷன் பங்களாவுக்குப் போய், "நாங்கள் உங்கள் மதத்துக்கு வருகிறோம்" என்று சொன்னார்கள். வரலாற்றாய்வாளர் ரூபா விஸ்வநாத் 'தி பறையா பிராப்ளம்' நூலில் இதை ஆவணங்களோடு காட்டியிருக்கிறார். சேர்ந்ததும் மிராசுதார் செய்த முதல் வேலை, "என் மனையைக் காலி பண்ணு" என்று மிரட்டியது. அதனால்தான் வீட்டுமனை அரசாங்கத்தின் பிரச்சினை ஆனது.

ஊர் விஷயத்தில் ஓலை போட முடியாதவர்கள், எந்தச் சாமியைக் கும்பிடுவது என்பதில் தாங்களாகக் கூடி முடிவெடுத்தார்கள். அந்த முடிவுக்கு அவர்கள் கொடுத்த விலை குடியிருந்த மனை.

பஞ்சமும் குறிப்பிடமும்

கத்தோலிக்கத் தரப்பில் நமக்கு அருகிலுள்ள பெரிய உதாரணம் சேத்துப்பட்டு. உத்திரமேரூரிலிருந்து வந்தவாசி வழியாகப் போனால் வரும் ஊர். பாரிஸ் அந்நிய மிஷன் சபையைச் சேர்ந்த டாராஸ் சாமியார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் அங்கே வேலை செய்து 1916-இல் இறந்தார். அவர் காலத்தில் அந்த வட்டாரத்தில் பல்லாயிரம் பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். பெரும்பாலானவர்கள் பறையர்கள். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் இந்தக் கணக்கு மிக வேகமாக ஏறியது.

அன்றைய நடைமுறை எளிது. சாமியார் ஒருவர், கிராமங்கள் பல. ஆகவே உபதேசியார்தான் எல்லாம். அவர் சேரிக்கு வந்து, சனங்கள் வயல் வேலை முடித்துத் திரும்பிய பிறகு மந்திரங்களைச் சொல்லிக் கொடுப்பார். பரலோக மந்திரம், விசுவாச மந்திரம், பத்துக் கற்பனை, பிறகு கேள்வி-பதிலாக இருக்கும் சின்னக் குறிப்பிடம். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வாயால் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்தார்கள். சாமியார் வந்து கேட்டுப் பார்த்து, தேறியவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுப்பார்.

"பஞ்சத்தில் கஞ்சிக்குப் போனவர்கள்" என்ற ஏளனம் அப்போது தொடங்கியது. இன்னும் நிற்கவில்லை. ஒன்றை யோசித்துப் பாருங்கள். பசித்தவன் எங்கே சோறு கிடைக்கிறதோ அங்கே போவது இழிவு என்றால், பட்டினி போட்டவனுக்கு என்ன பெயர்? பஞ்சம் முடிந்து மழை பெய்த பிறகும், மிராசுதார் மிரட்டிய பிறகும், பலர் திரும்பிப் போகவில்லை. நான்கு தலைமுறை, ஐந்து தலைமுறையாக அதே குடும்பங்கள் அதே கோயிலில் இருக்கின்றன. கஞ்சி ஒரு காரணம் என்றால், கஞ்சிக்குப் பிறகும் அவர்களை அங்கே இருக்க வைத்தது எது என்பதையும் கேட்க வேண்டும் அல்லவா?

இந்த 'நோக்கம்' பற்றிய கேள்விக்கு 1936-இல் இரண்டு பதில்கள் வந்தன. பம்பாயில் மகர் மாநாட்டில் பேசிய அம்பேத்கர், மதமாற்றத்துக்குச் சமூகக் காரணமும் உண்டு, ஆன்மிகக் காரணமும் உண்டு என்று இரண்டையும் வெளிப்படையாக எடுத்து வாதிட்டார். வாழ்க்கை மேம்பட வேண்டும் என்று விரும்புவதற்கு அவர் வெட்கப்படவில்லை. அதே ஆண்டின் இறுதியில் ஜான் மாட் என்ற மிஷனரித் தலைவரிடம் பேசிய காந்தி, தீண்டப்படாதவர்களிடம் போய் நற்செய்தி சொல்வதைப் பசுவிடம் சொல்வதோடு ஒப்பிட்டார். அவர்களுக்குப் புரிந்து தேர்ந்தெடுக்கும் அறிவு இல்லை என்பதுதான் அதன் பொருள். இன்றும் நம்மைப் பார்த்து "ஏன் மாறினாய்" என்று கேட்பவர்களில் பலர், இந்த இரண்டாவது பதிலின் மேல் நின்றுகொண்டுதான் கேட்கிறார்கள்.

தொடாமல் கொடுத்த ஞானஸ்நானம்

சபையின் பக்கம் கணக்குச் சுத்தமா என்றால், இல்லை. இதற்கு இன்னும் இருநூறு ஆண்டுகளுக்கு முன்னால் போக வேண்டும்.

1606-இல் மதுரைக்கு வந்த இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நோபிலி காவி உடுத்தினார், சைவம் சாப்பிட்டார், பிராமணச் சமையற்காரர் வைத்துக்கொண்டார். பரவர்களுக்குக் குருவாக இருந்த தன் சபைச் சகோதரரை விட்டு விலகித் தனியாகக் குடியிருந்தார். கிறிஸ்தவனாக ஆக ஒருவன் தன் சாதியை விட வேண்டியதில்லை என்பது அவர் வழி. பூணூலும் குடுமியும் தொடரலாம் என்று 1623-இல் ரோமிலிருந்தும் நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது. பிறகு, ஒடுக்கப்பட்ட சாதிகளுக்கென்று பண்டாரச் சாமிகள் என்ற வேறு வகைக் குருக்கள் ஏற்பட்டார்கள்.

இதன் விளைவு ஞானஸ்நானச் சடங்குக்குள்ளேயே தெரிந்தது. அன்றைய லத்தீன் சடங்கில் குரு தன் உமிழ்நீரால் ஞானஸ்நானம் பெறுகிறவரின் காதையும் மூக்கையும் தொட வேண்டும். இந்த நாட்டில் அது தீட்டு என்று சொல்லி அந்தப் பகுதியை விட்டுவிட்டார்கள். சாகக் கிடக்கும் பறையருக்குக் கடைசி அருட்சாதனம் கொடுக்கக் குரு அவர் குடிசைக்குள் போகவில்லை. நோயாளியை வெளியே தூக்கிக்கொண்டு வர வேண்டும். போப்பின் தூதராக வந்த தூர்னோன் 1704-இல் புதுச்சேரியில் இருந்தபடி இவற்றுக்கு எதிராக ஆணை போட்டார். உமிழ்நீர் சடங்கை விடக்கூடாது, நோயாளிப் பறையரின் வீட்டுக்குள் போக வேண்டும் என்றது அந்த ஆணை. நாற்பது வருடம் வழக்கும் வாதமும் நடந்தன. 1744-இல் போப் பதினான்காம் பெனடிக்ட் முடிவாக ஓர் ஆணை வெளியிட்டபோது, பறையர்களுக்கென்று தனிக் குருக்களை நியமிக்கலாம் என்ற ஏற்பாடு ஏற்கப்பட்டது. அதாவது தீட்டு பார்க்கிறவர் குருவாகவே தொடரலாம், தீட்டுக்குரியவருக்கு வேறு ஆள் வருவார்.

புராட்டஸ்டண்ட் பக்கம் இதற்கு மாறாக ஒரு முயற்சி நடந்தது. 1833-இல் ஆங்கிலிகன் பேராயர் டேனியல் வில்சன் சாதியை உடனே, முழுமையாக விட வேண்டும் என்று ஆணையிட்டார். தஞ்சையிலும் சென்னையிலும் வேளாளக் கிறிஸ்தவர்கள் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். ஆணை போட்டதால் சாதி போய்விடவில்லை. ஆனாலும் கேள்வி யாரிடம் கேட்கப்பட வேண்டுமோ அவர்களிடம் ஒருமுறையாவது கேட்கப்பட்டது.

இப்போது என்ன நடைமுறை?

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல், ஆதித் திருச்சபையில் இருந்ததுபோல் பெரியவர்களைப் படிப்படியாகச் சேர்க்கும் முறையை மீண்டும் கொண்டுவரச் சொன்னது. 1972 ஜனவரி 6 அன்று அதற்கான சடங்குமுறை ரோமில் வெளியானது. இன்று உலகம் முழுக்க இதுதான் அடிப்படை. 1983-இன் திருச்சபைச் சட்டம் 865-ஆவது பிரிவும் இதையே சொல்கிறது: வயது வந்தவர் தானாக விருப்பம் தெரிவித்திருக்க வேண்டும், போதிய போதனை பெற்றிருக்க வேண்டும், வாழ்ந்து பார்த்திருக்க வேண்டும். சாகும் ஆபத்தில் இருப்பவருக்கு மட்டும் சுருக்கமான வழி உண்டு.

முதல் கட்டம் விசாரிப்பு. வரலாம், கேட்கலாம், வாதாடலாம், போய்விடலாம். எந்தக் கட்டாயமும் இல்லை. இரண்டாவது, கோயில் வாசலில் வரவேற்கும் சடங்கு. வந்தவரின் பெயரைக் கேட்டு, சபையிடம் என்ன வேண்டி வந்தாய் என்று கேட்கிறார்கள். பிறகு நெற்றி, காது, கண், உதடு, மார்பு, தோள் என்று உடம்பில் சிலுவை அடையாளம் வரைகிறார்கள். கையிலும் காலிலும்கூட வரையலாம். முன்னூறு ஆண்டுக்கு முன்னால் குரு குடிசைக்குள் நுழையாத அதே மண்ணில், நம்மவரின் காலைத் தொட்டு வரவேற்கச் சடங்கே இடம் கொடுக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

மூன்றாவது, போதனைக் காலம். பல மாதம் ஆகலாம், வருடங்களும் ஆகலாம். தவக்காலத்தின் முதல் ஞாயிறு பெயர் பதிவு. மூன்று, நான்கு, ஐந்தாம் ஞாயிறுகளில் உள்ளத்தைச் சோதித்துப் பார்க்கும் சடங்குகள். இதில் மூன்றாம் ஞாயிறு வாசகத்தைக் கவனியுங்கள். யூதராகிய இயேசு சமாரியப் பெண்ணிடம் கிணற்றடியில் தண்ணீர் கேட்கிறார். யூதர்கள் சமாரியரோடு ஏனம் புழங்காதவர்கள். இரட்டைக் குவளையைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தக் கதைக்கு விளக்கவுரை தேவையில்லை. கடைசியாக ஈஸ்டருக்கு முந்திய இரவில் ஞானஸ்நானம், உறுதிப்பூசுதல், நற்கருணை மூன்றும் ஒன்றாகக் கிடைக்கும். அதற்குப் பிறகும் சில வாரம் கூடவே இருந்து பழக்க வேண்டும். சி.எஸ்.ஐ. போன்ற சபையில் ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்றவருக்கு மறுபடி கொடுப்பதில்லை. விசுவாச அறிக்கை செய்து சேரலாம்.

ஆக, முதல் கேள்விக்குப் பதில் இது. அவசரப்படுத்துகிறவர் யாராக இருந்தாலும், "ஒரு வாரத்தில் முடித்துவிடலாம்" என்கிறவர் சபையின் சட்டத்தையே மீறுகிறார்.

தாசில்தார் கேட்கும் கேள்வி

இரண்டாவது கேள்வி சர்டிபிகேட். 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினர் ஆக முடியாது என்றது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் இன்னும் வெளியே. தமிழ்நாட்டில் மாறியவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகிறார்கள். இடஒதுக்கீட்டோடு முடிவதில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும், தனித் தொகுதியில் நிற்கும் உரிமையும் கைவிட்டுப் போகின்றன.

சூசை வழக்கை ஒவ்வொரு மாணவரும் படிக்க வேண்டும். சென்னையில் ரோட்டோரம் செருப்புத் தைத்தவர் அவர். பட்டியல் சாதித் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தபோது, கிறிஸ்தவர் என்பதால் அவருக்கு மறுக்கப்பட்டது. 1985-இல் உச்ச நீதிமன்றம், மதம் மாறிய பிறகும் அதே கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்று நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லி மனுவைத் தள்ளியது. பக்கத்தில் உட்கார்ந்து அதே செருப்பைத் தைத்த இன்னொருவருக்குக் கடை கிடைக்கும், இவருக்குக் கிடைக்காது.

2021-இல் இராமநாதபுரம் மாவட்டத்துப் பெண் மருத்துவர் ஒருவரின் வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. அவருடைய கிளினிக்கில் சிலுவை தொங்கியதைக் காரணம் காட்டிச் சாதிச் சான்றிதழை ரத்து செய்திருந்தார்கள். நீதிமன்றம் அதைக் குறுகிய மனப்பான்மை என்று கண்டித்து, சான்றிதழைத் திருப்பிக் கொடுத்தது. ஆனால் 2024 நவம்பரில், புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் வேறு திசையில் போனது. குழந்தையில் பெற்ற ஞானஸ்நானப் பதிவும் கோயிலுக்குப் போகும் வழக்கமும் அவருக்கு எதிரான சாட்சியங்கள் ஆயின. உண்மையான நம்பிக்கை இல்லாமல் சலுகைக்காக மதத்தைச் சொல்வது அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்றது தீர்ப்பு.

நம்பிக்கை உண்மையா என்று பங்குச் சாமியார் கேட்கலாம், அது அவர் வேலை. அரசாங்கம் கேட்பது எப்படி நியாயம்? 2002 அக்டோபரில் ஜெயலலிதா அரசு கொண்டுவந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டமும் இதைத்தான் செய்தது. மதம் மாற்றும் சடங்கை நடத்துகிறவர் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். மாறியவர் பெண்ணாகவோ, தலித்தாகவோ, பழங்குடியாகவோ, சிறுவராகவோ இருந்தால் தண்டனை கூடுதல். நமக்குச் சொந்த புத்தி குறைவு என்று சட்டமே சொன்னது. 2004 தேர்தல் தோல்விக்குப் பிறகு அதைத் திரும்பப் பெற்றார்கள்.

உள்ளே போனால் சாதி போகுமா?

மூன்றாவது கேள்விக்கு நேர்மையான பதில்: தானாகப் போகாது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களைப் பிரிக்கச் சுவர் இருந்தது. 2008 மார்ச்சில் விழுப்புரம் பக்கம் இறையூரில், தனிப் பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கர்களுக்கும் வன்னியக் கத்தோலிக்கர்களுக்கும் இடையே மோதல் வெடித்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர் போனது. இறந்தவர்கள் வன்னியக் கிறிஸ்தவர்கள். ஒரே நற்கருணையை வாங்கியவர்களுக்குள் நடந்தது இது.

2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் விடுதலைக் கொள்கை ஒன்றை வெளியிட்டு, சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. அப்போது சொல்லப்பட்ட கணக்கின்படி 1.9 கோடிக் கத்தோலிக்கர்களில் 1.2 கோடிப் பேர் தலித்துகள். மறைமாவட்டங்களின் தலைமையில் அந்த விகிதம் எங்கே என்று தேடிப் பாருங்கள். 2002-இல் செங்கல்பட்டு தனி மறைமாவட்டமானபோது தலித்தான நீதிநாதன் அதன் முதல் ஆயர் ஆனார். அது நம் மாவட்டத்துக்குப் பெருமைதான், ஆனால் இன்னும் அதை விதிவிலக்காகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

மறுபக்கமும் உண்டு. 1994-இல் காரணைப் பஞ்சமி நிலத்துக்காகச் செங்கல்பட்டில் நம் சனங்கள் திரண்டபோது, அக்டோபர் 10 அன்று போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிர் கொடுத்தார்கள். பெயர்களைப் பாருங்கள். ஒரே மண்ணுக்காக ஒரே நாளில் செத்தவர்களை 1950 ஆணையின் மூன்றாம் பத்தி இரண்டு பட்டியலில் வைக்கிறது. அந்தப் போராட்டத்தில் இயேசு சபைக் குருக்களும் நம்மோடு நின்றார்கள்.

நாம் என்ன கேட்க வேண்டும்?

யாராவது சேர நினைத்தால், தடுக்கவும் வேண்டாம், தள்ளிவிடவும் வேண்டாம். நம்பிக்கை அவருடைய உரிமை. மூன்றைச் சொல்லுங்கள். சட்டப்படி எதை இழக்க நேரும் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். நடைமுறை மெதுவானது, எந்தக் கட்டத்திலும் நிறுத்தலாம் என்று சொல்லுங்கள். சேரப் போகும் பங்கில் கல்லறைத் தோட்டம் ஒன்றா இரண்டா, தேர் காலனிக்கு வருமா, பங்குப் பேரவையில் நம்மவர் எத்தனை பேர் என்று விசாரிக்கச் சொல்லுங்கள்.

சபையிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. ஞானஸ்நானத்துக்கு முன் சாத்தானையும் அவன் செயல்களையும் விட்டுவிடுவதாக வாக்குக் கேட்கிறார்கள். நாட்டின் நிலைக்கு ஏற்ப இந்த வாக்கை இன்னும் குறிப்பாக, விரிவாக எழுதிக்கொள்ளும் அதிகாரத்தை 1972 சடங்குமுறையே ஆயர் பேரவைகளுக்குக் கொடுத்திருக்கிறது. அம்பேத்கர் 1956-இல் நாக்பூரில் 22 உறுதிமொழிகளில் எதை விடுகிறோம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித்தான் விட்டார். அப்படியானால், "சாதியை விட்டுவிடுகிறாயா?" என்ற ஒரு வரியை நம் ஆயர்கள் ஏன் சேர்க்கக் கூடாது?

இந்த வாக்கைப் புதிதாகச் சேர்கிறவர் மட்டும் கொடுப்பதில்லை. ஒவ்வொரு ஈஸ்டர் இரவிலும் கோயிலில் இருக்கும் எல்லோரும் மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு அதைப் புதுப்பிக்கிறார்கள். பல தலைமுறையாகக் கத்தோலிக்கராக இருக்கும் ஆதிக்கச் சாதிக் குடும்பங்களும் வருடத்துக்கு ஒருமுறை அந்தக் கேள்விக்கு வாய் திறந்து பதில் சொல்ல வேண்டி வரும். மறைமாவட்ட இளைஞர் கூட்டங்களிலும், ஆகஸ்ட் 10 கறுப்பு நாள் மேடைகளிலும் இதை ஒரு கோரிக்கையாக வையுங்கள். நூற்றைம்பது வருடமாக நம்மிடமே கேட்கப்பட்டுவரும் கேள்வி, இனி அவர்களிடமும் கேட்கப்படட்டும்.